அமர்ந்து வீசும் கோல்

மட்டக்களப்பு வாவியிலே தோணி செலுத்துவோரைக் கவனித்திருப்பீர்கள். நின்று செலுத்துபவர் நீண்ட கழியை ஊன்றுகிறார். அமர்ந்து செலுத்துபவர் குறுந்துடுப்பை வலிக்கிறார். நின்றவரின் கழியை அமர்ந்தவர் கையிற் கொடுத்துவிட்டு, "இவருக்குத் தோணி விடத் தெரியாது" என்று எவரும் கூறுவதில்லை. விளையாட்டுத் திடலிலோ நெடுங்காலம் அவ்வாறுதான் கூறிவந்தோம்.

கோல்ப் நம் வாவிக்கரைக்கு அதிகம் பழகாத ஆட்டம். கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் வெள்ளைக்காரர் தொடங்கிய கழகங்கள் இன்றும் உள்ளன. கிழக்கிலே சீனக்குடாவில் விமானப்படையின் திடலொன்று உண்டு. நிற்க இயலாதவர்க்கு இவ்வாட்டத்தில் இடமில்லை என்றே பலரும் எண்ணினர். 1974ஆம் ஆண்டு, அமெரிக்க ஆட்டக்காரரான டென்னிஸ் வால்டர்ஸ், தமது 24ஆவது வயதிலே, கோல்ப் வண்டி விபத்தொன்றில் இடுப்பின்கீழ் செயலிழந்தார். பின்னர் அத்தகைய வண்டியொன்றிலே சுழலும் இருக்கையைப் பொருத்தி, அதில் அமர்ந்தவாறே அடிக்கப் பழகினார். பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஆடிக்காட்டிய அவர், 2019இல் உலகக் கோல்ப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

அமர்ந்து ஆடுவோருக்குக் கோலை எவ்வாறு மாற்றுவது? "வெட்டிக் குட்டையாக்கினாற் போயிற்று" என்பதே உடனே தோன்றும் விடை. அது போதாது. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிற்பவரின் கை 30 அங்குல உயரத்திலும், பந்து கைக்கு நேர்கீழிருந்து 17 அங்குலம் தள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். பைதகரசின் தேற்றப்படி, கையிலிருந்து பந்து வரை ஏறக்குறைய 34½ அங்குலம்; நிலத்தோடு கோல் அமைக்கும் கோணம் 60 பாகை. அமர்ந்தவரின் கை 24 அங்குலத்துக்குத் தாழ்கிறது என்போம். ஆயினும் முழங்காலும் சக்கரமும் இடைமறிப்பதால், பந்து 25 அங்குலம் விலகுகிறது. இப்போது நீளம்? மீண்டும் ஏறக்குறைய 34½ அங்குலமே! கோணமோ 44 பாகையாகிவிட்டது.

ஆகவே முதலில் மாறவேண்டியது கோணம். சாதாரணக் கோலை இவ்வாறு தாழ்த்திப் பிடித்தால், தலையின் நுனி மேலெழும். குதி மண்ணைக் கொத்தும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் ஓடும். மெல்லிரும்புத் தலையைக் கழுத்திலே சில பாகை வளைக்கலாம். வார்ப்புத் தலை வெடிக்கக்கூடும். மிகுந்த சாய்வுக்கு அதற்கென்றே செய்த தலை வேண்டும். இடுப்பைத் திருப்ப இயலாதவர் தோளாலும் கையாலும் மட்டுமே வீசுகிறார். அவருக்கு இலேசான, வளைந்துகொடுக்கும் தண்டு உதவும். விரல் வலுவற்றவருக்குப் பருத்த பிடி. கதிரைக்குத் தடையும் இடுப்புப் பட்டியும் அவசியம்; இல்லையேல் ஒரே வீச்சில் ஆளும் கதிரையும் சேர்ந்தே சாயலாம்.

விதிகளும் இசைந்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு விதிநூலிற் சேர்ந்த 25ஆம் விதி மாற்றுத்திறனாளருக்கென்றே அமைந்தது. மணற்குழியில் ஆட இயலாது கிடக்கும் பந்தைக் குழிக்கு வெளியே வைக்க, மற்றவர்க்கு இரண்டு அடி தண்டம். சக்கர நாற்காலியாளருக்கு ஒன்றே.

2009இல் முடிந்த போர், கால் இழந்தோர் பலரை நம் ஊர்களிலே விட்டுச்சென்றது. கோல்ப் கோல் அவர்கள் கைக்கு எட்டுவது எளிதன்று. ஆனால் அளவெடுக்கும் முறை எந்த மட்டைக்கும் உதவும். ஆடுபவர் தம் கதிரையிலே அமர்ந்து, மூங்கிற்றடியொன்றை இயல்பாகப் பிடிக்கட்டும். கையின் உயரத்தையும் பந்தின் தூரத்தையும் மற்றொருவர் அளந்து குறிக்கட்டும். வழமையாகப் போடும் மெத்தையை எடுத்துவிட்டு அளக்காதீர்கள். இரண்டங்குல மெத்தையும் கணக்கை மாற்றிவிடும்.