பழுது எங்கே?

மீன்தொட்டி நீரின் பிஎச் அளவு தவறாகத் தெரிந்தால், தேவையற்ற மருந்தை ஊற்றி மீன்களை இழக்க நேரிடலாம். ஆகவே, சொந்தமாகச் செய்த பிஎச் கருவியைச் சோதித்தறிதல் அவசியம்.

பிஎச் ஓர் அலகு மாறும்போது, கண்ணாடி மின்முனையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மட்டுமே மாறும். அதனைப் பெருக்கிச் சுற்று பெரிதாக்குகிறது.

முதலில், மின்முனையைக் கழற்றிவிட்டு, சுற்றின் இரு உள்ளீட்டு முனைகளையும் கம்பியால் இணைக்க வேண்டும். கருவி ஏறத்தாழ 7 எனக் காட்டாவிட்டால், பழுது சுற்றில் உள்ளது. காட்டினால், மின்முனையைப் பொருத்தி, பிஎச் 7, பிஎச் 4 தாங்கல் கரைசல்களில் மாறி மாறி வைக்க வேண்டும்.

அளவுகளுக்கிடையே வேறுபாடு குறைந்தால், மின்முனை உலர்ந்திருக்கலாம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைக்கலாம். சுற்றுப்பலகையில் ஈரமோ விரல் பிசுக்கோ படிந்திருக்கவும் கூடும். கண்ணாடியின் மின்தடை மிக அதிகம் என்பதால், சிறு மின்கசிவும் அளவைக் கெடுத்துவிடும். பலகையைத் துடைத்து உலர்த்தியபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.