தம்பியையும் கொஞ்சம் பாருங்கள்

எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு வாசலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது ஒன்றைத்தான்: "கவுன்ட் ஏறிடுச்சா?" ரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் 500-ஐத் தொட்டு, தொடர்ந்து மூன்று நாள் அங்கேயே நின்றால்தான் புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம்.

அதுவரை வடிகட்டிய காற்று வரும் அறைக்குள் பிள்ளையோடு ஒருவர்தான் இருக்க முடியும். பெரும்பாலும் அம்மா. கீமோவால் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவே அழும் பிள்ளையைக் கெஞ்சிக் கொப்பளிக்க வைக்க வேண்டும். ஊசி வருவதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏமாற்றிப் போட்டால் அடுத்த முறை அம்மாவையே நம்பாது. முடி கொட்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லித் தருகிறார்கள். என் கவலை, மஜ்ஜை கொடுத்த பிள்ளையைப் பற்றியது.

உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். தலசீமியா என்னும் ரத்த நோயுள்ள பிள்ளைக்குத் தம்பியின் மஜ்ஜை பொருந்திவிட்டால் வீடே சாமிக்கு நேர்ந்துகொள்கிறது. அந்தத் தம்பிக்கு ஐந்து வயதுகூட இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி இறக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். 15 கிலோ பிள்ளையென்றால் சுமார் 300 மில்லிதான் உச்ச வரம்பு. சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும். "சின்னப் பையன், மறந்துடுவான்" என்பார்கள். உடம்பு மறந்துவிடும்தான்.

வேலூரில் ஒரு லாட்ஜ் அறையில் அப்படியொரு சிறுவனைப் பார்த்தேன். இடுப்பில் பிளாஸ்திரி. ஒருக்களித்துப் படுத்து, பாட்டியின் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் அப்பா கூப்பிட்டார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றார். போனை வைத்ததும் அவன் கேட்டான்: "என்னோடது நல்லா இல்லையா பாட்டி?"

பாட்டிக்குப் பதில் சொல்ல வரவில்லை.

"நீதான் அண்ணனைக் காப்பாத்தப் போறே" என்று சொல்லித்தான் அவனை அழைத்து வந்திருக்கிறார்கள். ஆசையாகச் சொன்னதுதான். ஆனால், இந்தச் சிகிச்சை தோற்பதும் உண்டு. புது மஜ்ஜையின் அணுக்கள் அண்ணனின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதும் உண்டு. "தம்பி செல்லு ஒத்துக்கலையாம்" என்று பெரியவர்கள் பேசுவது பக்கத்தில் விளையாடும் பிள்ளையின் காதில் விழாதா? ஐந்து வயதுப் பிள்ளை தலையில் இந்தப் பழியை ஏற்றுவது கொடுமை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹார்லிக்ஸும் பழமும் வேண்டாம்; வெட்டிய பழத்தை எப்படியும் உள்ளே விடமாட்டார்கள். லாட்ஜில் இருக்கும் பிள்ளையோடு ஒரு நாள் இருங்கள். அண்ணனுக்கு என்ன ஆனாலும் அது உன்னால் இல்லை என்று அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். டாக்டர் அனுமதித்தால், அப்பா உள்ளே போய் அம்மாவை ஒரு வேளை வெளியே அனுப்பட்டும். அவனுக்கும் அம்மா வேண்டும்.