தென் கொரியப் பல்கலைக்கழகக் கற்பித்தலில் திறந்த பாடப் பொருட்கள்

திறந்த பாடப் பொருட்கள் என்பவை ஒரு பல்கலைக்கழகம் தன் வகுப்புகளில் பயன்படுத்தும் பாடத்திட்டம், விரிவுரைக் குறிப்புகள், காணொளிகள், பயிற்சி வினாக்கள், தேர்வுத்தாள்கள் முதலியவற்றை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் இணையத்தில் வெளியிடும் தொகுப்பாகும். தென் கொரியாவில் 2007 ஆம் ஆண்டு முதல் இத்தகைய பொருட்கள் தேசிய அளவில் திரட்டப்பட்டு வருகின்றன. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் கற்க வேண்டும் என்பது இவற்றின் முதல் நோக்கம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே நடைபெறும் கற்பித்தலைச் சீர்செய்யவும் இவை உதவும் என்பது விரைவிலேயே உணரப்பட்டது. அந்த உதவி எவ்வாறு கிடைத்தது, எங்கே கிடைக்காமல் போனது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருட்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக 2001 இல் அறிவித்தது. 2003 இல் 500 பாடங்கள் வெளிவந்தன. 2007 இன் இறுதிக்குள் ஏறத்தாழ எல்லாப் பாடங்களும், அதாவது சுமார் 1,800 பாடங்கள், வெளியாகிவிட்டன. இதற்கிடையே 2002 இல் பாரிசில் யுனெசுக்கோ நடத்திய கூட்டத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற சொல் உருவானது.

இந்த அலை தென் கொரியாவை அடைந்தபோது அங்கு இரண்டு நிலைமைகள் அருகருகே இருந்தன. ஒன்று, மாணவர்கள் திரையின் வழியே கற்பதற்கு ஏற்கெனவே பழகியிருந்தனர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுனுங் தேர்வுக்குரிய பாடங்களை அரசுக் கல்வித் தொலைக்காட்சியான ஈபிஎஸ் 2004 முதல் இணையத்தில் வழங்கி வந்தது. இணைய விரிவுரை என்பதன் சுருக்கமான ‘இன்காங்’ என்ற சொல் பள்ளி மாணவரின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டிருந்தது.

மற்றொன்று, பல்கலைக்கழக வகுப்பறையில் பெரும்பாலும் ஆசிரியர் பேசினார், மாணவர் எழுதிக்கொண்டார். பேராசிரியரின் பதவி உயர்வு அவர் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளைப் பெரிதும் சார்ந்திருந்ததால், கற்பித்தலில் கூடுதல் நேரம் செலவிடுவதற்கான தூண்டுதல் குறைவாகவே இருந்தது. 25 முதல் 34 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் உயர்கல்வி முடித்த நாடு அது. பல்கலைக்கழகங்களில் பெரும்பான்மையானவை தனியார் நிறுவனங்கள் என்பதால் கட்டணச் சுமையின் பெரும்பகுதி குடும்பங்களின் மீதே விழுகிறது. எனவே கற்பித்தலின் தரம் பற்றிய கேள்வி வீடுகளிலும் எழுந்தது.

வளர்ச்சி

கொரியக் கல்வி ஆய்வுத் தகவல் சேவை நிறுவனம் 1999 இல் தொடங்கப்பட்ட அரசு சார் அமைப்பாகும். சுருக்கமாகக் ‘கெரிஸ்’ எனப்படும் இந்நிறுவனம் 2007 இல் ‘கே.ஓ.சி.டபிள்யூ.’ என்ற பொதுத் தளத்தைத் தொடங்கியது. பல பல்கலைக்கழகங்கள் வெளியிடும் விரிவுரைகளை ஒரே இடத்தில் தேடிப் பார்க்க இத்தளம் வழி செய்தது. ஆசிரியர் ஒருவர் தான் நடத்தப்போகும் பாடத்தையே பிற பல்கலைக்கழகங்களில் எப்படி நடத்துகிறார்கள் என்பதை முதன்முறையாகத் தம் மேசையிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

2010 இல் கல்வி அமைச்சு இளங்கலைக் கல்வியைச் சிறப்பாக நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ‘நன்கு கற்பிக்கும் பல்கலைக்கழகம்’ என்று அது பேசப்பட்டது. ஆய்வுக்கு மட்டுமன்றிக் கற்பித்தலுக்கும் நிதியும் மதிப்பும் உண்டு என்ற செய்தியை இத்திட்டம் தந்தது.

2015 அக்டோபரில் ‘கே-மூக்’ தொடங்கியது. 10 பல்கலைக்கழகங்களின் 27 பாடங்களுடன் தொடங்கிய இத்தளத்தைத் தேசிய வாழ்நாள் கல்வி நிறுவனம் நடத்துகிறது. முன்னைய தளத்திலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. முன்னதில் பதிவு செய்த விரிவுரை வைக்கப்பட்டிருக்கும். விரும்பியவர் விரும்பியபோது பார்க்கலாம். கே-மூக்கில் பாடத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. வினாக்கள், ஒப்படைகள், கலந்துரையாடல், நிறைவுச் சான்றிதழ் ஆகியனவும் உண்டு.

ஆசிரியருக்குக் கிடைக்கும் பயன்

பல்கலைக்கழக ஆசிரியர் பெரும்பாலும் தனியாகவே கற்பிக்கிறார். வகுப்பறைக் கதவு சாத்தப்பட்ட பின் உள்ளே நடப்பது சக ஆசிரியர்களுக்குத் தெரியாது. பருவ இறுதியில் மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் குறையைச் சொல்லும். அதைத் திருத்தும் வழியைச் சொல்லாது. திறந்த விரிவுரை அந்தக் கதவைத் திறக்கிறது. ஒரே கருத்தை மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாகத் தொடங்குவதைப் பார்க்கும் இளம் ஆசிரியருக்கு, தன் முறை மட்டுமே முறையல்ல என்பது புலப்படும். பிறருடைய பாடத்திட்டத்தைப் பார்த்தால் எந்தப் பகுதிக்கு எத்தனை வாரம் ஒதுக்குகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

தன் விரிவுரை வெளியே போகப்போகிறது என்றால் ஆசிரியரின் ஆயத்தமும் மாறுகிறது. பழைய குறிப்புகளைப் புதுப்பிக்கிறார், தரவுகளைச் சரிபார்க்கிறார், படங்களை ஒழுங்குபடுத்துகிறார். கொரியப் பல்கலைக்கழகங்களில் உள்ள கற்பித்தல் கற்றல் மையங்கள் இதற்குத் துணை செய்கின்றன. ஆசிரியர் விரும்பினால் அவர் வகுப்பைப் படம்பிடித்து, அவருடன் அமர்ந்து பார்த்து, கேள்வி கேட்டபின் மாணவருக்குச் சிந்திக்க நேரம் தந்தாரா, பின்வரிசையைக் கவனித்தாரா என்றெல்லாம் ஆலோசனை வழங்கும் பணியும் இம்மையங்களில் நடைபெறுகிறது.

வகுப்பு நேரத்தில் ஏற்படும் மாற்றம்

மிகப் பெரிய பயன், வகுப்பு நேரம் விடுபடுவதுதான். விரிவுரையை மாணவர் முன்கூட்டியே பார்த்துவிட்டால் வகுப்பில் அதையே மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. இது ‘தலைகீழ் வகுப்பறை’ எனப்படுகிறது. தெஜோன் நகரிலுள்ள கைஸ்ட் என்னும் அறிவியல் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் 2012 இல் ‘கல்வி 3.0’ என்ற பெயரில் இம்முறையைத் தொடங்கியது. அவ்வகுப்புகளில் விரிவுரை இணையத்துக்குச் சென்றது. வகுப்பு நேரம் குழுவாகக் கணக்குத் தீர்க்கவும் கலந்துரையாடவும் ஒதுக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, புள்ளியியல் தொடக்கப் பாடம் ஒன்றைக் கொள்வோம். ஆசிரியர் திறந்த தொகுப்பிலிருந்து 20 நிமிடக் காணொளி இரண்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். கூடவே மூன்று சிறு வினாக்கள். மாணவர்கள் முந்தைய நாள் இரவுக்குள் விடையளிக்க வேண்டும். மறுநாள் வகுப்பு, அதிகம் பேர் தவறாக விடையளித்த வினாவிலிருந்து தொடங்குகிறது. மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து அவ்வினாவைப் பற்றி விவாதிக்கின்றனர். ஆசிரியர் குழுக்களுக்கிடையே நடந்து கேட்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் தொகுத்துச் சொல்கிறார். இங்கே காணொளி வேறொருவருடையதாக இருக்கலாம். ஆனால் வினாவைத் தேர்ந்ததும், பிழையைக் கண்டதும், விவாதத்தை நடத்தியதும் அந்த ஆசிரியரே.

மொழி வகையிலும் ஒரு பயன் உண்டு. 2000களின் பிற்பகுதியிலிருந்து கொரியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி விரிவுரைகள் பெருகின. ஆங்கிலத்தில் நடக்கும் இயற்பியல் வகுப்பில் தடுமாறும் மாணவர், அதே பகுதியைக் கொரிய மொழியில் விளக்கும் திறந்த விரிவுரையைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவருக்கு இது பெரிய ஆறுதல்.

2020 கற்பித்த பாடம்

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 இல் கொரியப் பல்கலைக்கழகங்களின் முதற்பருவம் தள்ளிப்போய், மார்ச் நடுப்பகுதியில் தொலைவழியாகத் தொடங்கியது. அதுவரை வழக்கமான பல்கலைக்கழகங்களில் இணைய வகுப்புகள் மொத்த வகுப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற வழிகாட்டு விதி இருந்தது. அந்த வரம்பு தளர்த்தப்பட்டு, ஒரே மாதத்தில் எல்லாம் திரைக்கு வந்தன.

காணொளிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆயினும் மாணவர்கள் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுப் போராடினர். சில பல்கலைக்கழகங்கள் சிறப்பு உதவித்தொகை என்ற பெயரில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தன. ஆய்வகமும் நூலகமும் இல்லை என்பது மாணவர்களின் குறைகளில் ஒன்று. பழைய பதிவையோ பிறர் காணொளியையோ இணைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொண்டால் அது கற்பித்தலாகுமா என்பது மற்றொன்று. இலவசமாகக் கிடைக்கும் விரிவுரைக்கு ஏன் கட்டணம் என்ற அக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு: மாணவர் செலுத்தும் கட்டணம் விரிவுரைக்கு மட்டும் உரியதன்று. கேள்விக்குக் கிடைக்கும் பதில், திருத்தித் தரப்படும் ஒப்படை, சக மாணவருடன் நடக்கும் விவாதம் ஆகியவற்றுக்கும் உரியது. அவை இல்லாதபோது மாணவரின் கோபம் நியாயமானதே.

தடைகள்

*பதிப்புரிமை:* கொரியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு கல்வி நிறுவனங்கள் வெளியான படைப்புகளின் பகுதிகளை வகுப்பில் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆனால் அதே படம் பொது இணையத்தில் எவரும் காணும்படி வைக்கப்பட்டால் அந்த விலக்கு பொருந்தாது. எனவே ஆசிரியர் பாடநூல் படங்களை மீண்டும் வரையவோ அனுமதி பெறவோ வேண்டியுள்ளது. மேலும், பார்க்க மட்டுமே அனுமதித்து மாற்றியமைக்க அனுமதிக்காத உரிமத்தின் கீழ் வரும் பொருளை இன்னொரு ஆசிரியர் தம் வகுப்புக்கேற்பத் திருத்திப் பயன்படுத்த முடியாது.

*மதிப்பெண் முறை:* பல கொரியப் பல்கலைக்கழகங்களில் உயர்ந்த தரநிலை பெறுவோரின் விழுக்காடு முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. பக்கத்தில் இருப்பவர் உயர்ந்தால் தன் தரநிலை இறங்கலாம் என்ற நிலையில் மாணவர் மனம்விட்டு உதவுவது கடினம். எனவே குழுக் கற்றல் நடைபெறும் வகுப்புகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் இந்த வரம்பைத் தளர்த்துகின்றன.

*நேரமும் மதிப்பும்:* நல்ல திறந்த பாடம் ஒன்றை உருவாக்கப் பல மாத உழைப்பு தேவை. பதவி உயர்வில் அவ்வுழைப்புக்கு உரிய இடம் இல்லாதபோது ஆர்வமுள்ள சிலர் மட்டுமே அதைச் செய்வர்.

எதிர்காலம்

தென் கொரியாவின் பிறப்பு விகிதம் 2023 இல் பெண் ஒருவருக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்குச் சரிந்தது. ‘செர்ரிப் பூ மலரும் வரிசையில் பல்கலைக்கழகங்கள் மூடப்படும்’ என்று அங்கு கசப்பாகச் சொல்வதுண்டு. செர்ரி முதலில் மலர்வது தெற்கில். தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள பல்கலைக்கழகங்களே முதலில் மாணவரை இழக்கும் என்பது அதன் பொருள். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்து, நடத்த ஆளில்லாத பாடங்கள் பெருகும் அத்தகைய இடங்களில் திறந்த பாடப் பொருட்கள் உண்மையான துணையாக இருக்க முடியும். சியோலில் பதிவான விரிவுரையை வைத்து, உள்ளூர் ஆசிரியர் விவாதத்தையும் ஆய்வகத்தையும் நடத்தலாம். ஆனால் அதையே காரணமாகக் காட்டி உள்ளூர் ஆசிரியரை நீக்கிவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது ஒரு திரை மட்டுமே.

தென் கொரியாவின் அனுபவம் காட்டுவது இதுதான்: திறந்த பாடப் பொருள் விரிவுரையின் சுமையை ஆசிரியரிடமிருந்து இறக்கி வைக்கிறது. அதனால் மிச்சமாகும் நேரம் மாணவருக்குச் செலவிடப்படும்போது கற்பித்தல் மேம்படுகிறது, செலவிடப்படாதபோது மேம்படுவதில்லை.