உயர்திறன் காற்று வடிகட்டி: செயல்முறையும் தரநிர்ணயமும்

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. சுமத்திராவில் மூண்ட தீயின் புகை நம் வீட்டுச் சன்னல்வரை வந்த நாள் அது. புகைமூட்டக் காலந்தோறும் ‘ஹெப்பா’ என்னும் சொல் கடைப் பெட்டிகளில் நம் கண்ணில் படுகிறது. அச்சொல்லின் பொருளை அறிந்தாலன்றி, அதற்கு நாம் கொடுக்கும் விலை தகுமா என்று கூற இயலாது.

பலரும் இவ்வடிகட்டியை மாவு சலிக்கும் சல்லடையாகக் கருதுகின்றனர். உண்மையில் இது, மிக மெல்லிய கண்ணாடி இழைகளைத் தாறுமாறாகப் படியவைத்து, பரப்பு மிகும்பொருட்டுச் சேலைக் கொசுவம்போல் மடித்த தாள். இழைகளின் இடைவெளி, பிடிபடும் துகள்களைவிடப் பெரும்பாலும் பெரிது. எனினும் துகள்கள் மூன்று வழிகளில் சிக்குகின்றன. பருத்த துகள், காற்று வளையும்போது உடன் வளைய இயலாமல் நேரே சென்று இழையில் மோதுகிறது. அதனினும் சிறியது, காற்றோடு வளைந்து சென்றும் இழையை உரசி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளோ, காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தடுமாறி இழையைச் சேர்கிறது. இதுவே பிரௌனியன் இயக்கம்.

ஆகவே, எளிதில் தப்புவது மிகச் சிறிய துகள் அன்று. மோதுவதற்கு இலேசாகவும் அலைவதற்குப் பருமனாகவும் உள்ள இடைத்தரத் துகளே. அதன் அளவு ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மைக்ரோமீட்டர். தரநிர்ணயமும் இக்கடினமான பகுதியிலேயே நடைபெறுகிறது. அமெரிக்க முறைப்படி, 0.3 மைக்ரோமீட்டர் துகள்களுள் 99.97 விழுக்காட்டையேனும் தடுப்பதே ஹெப்பா. 10,000 துகள்களுள் மூன்றுக்குமேல் தப்பலாகாது. ஐரோப்பிய முறையோ, வடிகட்டியில் எந்த அளவுத் துகள் மிகுதியாகத் தப்புகிறதோ அதைக் கொண்டே சோதிக்கிறது: எச்13 தரத்திற்கு 99.95, எச்14 தரத்திற்கு 99.995 விழுக்காடு. அளவுகோல்கள் வேறாதலின், 99.97 என்பது 99.95ஐவிட உயர்ந்தது என உடனே முடிவுகட்டுதல் பிழையாகும். ‘ஹெப்பா போன்றது’ என்னும் பெட்டி வாசகமோ எத்தேர்விலும் தேறியதற்குச் சான்றாகாது.

வடிகட்டி சிறந்ததாயினும், சட்டத்தின் ஓரத்தில் இடைவெளி இருப்பின் காற்று அவ்வழியே நழுவிவிடும். கருவி ஒரு மணி நேரத்தில் தூய்மையாக்கும் காற்றின் அளவு, அறையின் கொள்ளளவுக்கு ஈடுகொடுக்கவும் வேண்டும். புகையிலுள்ள வாயுக்களும் நாற்றமும் இழையில் நில்லா. அவற்றிற்குக் கிளர்வூட்டப்பட்ட கரி தேவை. மூடிய வகுப்பறையில் மாணவர் வெளியிடும் கரியமில வாயுவையும் இது அகற்றாது. அதற்குப் புதுக்காற்றே வழி.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கண்டதும், ‘இஃது எவ்வளவு பெரிய துகளைக் கொண்டு, எம்முறையில் அளந்தது?’ என்று வினவ மாணவரைப் பழக்குவோம்.