சாவியைக் கொடுத்தோம், காணியைக் கொடுக்கவில்லை

ஊரவர் ஒன்றுகூடிக் கோயிலுக்கு ஒரு தருமகர்த்தாவைத் தெரிவு செய்கின்றனர். கோயிற் சாவி அவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றது. பூசைக்கும் திருவிழாவுக்கும் செலவு செய்ய அவருக்கு உரிமையுண்டு. ஆனால், "எல்லாரும் சேர்ந்துதானே என்னைத் தெரிந்தீர்கள்" என்று சொல்லிக்கொண்டு கோயிற் காணியைத் தம் பெயருக்கு அவர் மாற்றி எழுதலாமா? ஆகாதென்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நாம் வாக்களித்து அனுப்பும் மந்திரிமாருக்கும் பாராளுமன்ற அங்கத்தவர்களுக்கும் உரிய நியதியும் இதுவே. அவர்களது அதிகாரம் எவ்வளவு, எதுவரை என்று எல்லை குறித்து எழுதப்பட்ட உறுதியே அரசியலமைப்பு.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்திய வழக்கு ஒன்று எமது நாட்டின் நீதிமன்ற வரலாற்றில் உண்டு. மாணவர்கள் அதனை அறிந்திருத்தல் நன்று.

1962ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27ஆந் திகதி, இராணுவத்தையும் பொலிசையும் சேர்ந்த உயர் அதிகாரிகள் சிலர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டனர். இரகசியம் முன்னதாகவே வெளிப்பட்டமையால் திட்டம் குலைந்தது. 24 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

மக்கள் தெரிந்த அரசாங்கத்தை ஆயுத பலத்தால் அகற்ற முயல்வது பெருங் குற்றமே. ஆயினும், அதனைத் தண்டிக்க அரசாங்கம் கையாண்ட வழி நேரியதாக இருக்கவில்லை. சம்பவம் நிகழ்ந்த பின்னர், அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அச்சம்பவத்துக்கென்றே ஒரு விசேட சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஜனவரி முதலாந் திகதியிலிருந்தே அது நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பிடியாணையின்றிச் சிறைப்படுத்தியமை முன்தேதியிட்டுச் சட்டபூர்வமாக்கப்பட்டது. பொலிஸ் காவலில் ஒருவர் கூறியதைச் சாட்சியமாக ஏற்பதற்கு இருந்த தடைகள் தளர்த்தப்பட்டன. குற்றவாளியெனக் காணப்படுபவருக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தே ஆகவேண்டும் என்றாயிற்று. யாவற்றுக்கும் மேலாக, யூரர் இன்றி விசாரிக்கும் மூன்று நீதியரசர்களையும் மந்திரியே பெயர் குறிக்கலாம் என்று விதிக்கப்பட்டது. வழக்காளியே நடுவரைத் தெரிவு செய்தால் வழக்கு எதற்கு?

இங்கேதான் வியக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது. மந்திரியால் நியமிக்கப்பெற்ற டி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீ ஸ்கந்தராஜா ஆகிய மூன்று நீதியரசர்களும், தம்மை நியமிக்கும் அதிகாரம் மந்திரிக்கு அரசியலமைப்பின்படி இல்லையென்று தாமே தீர்ப்புக் கூறி விலகினர். சட்டம் திருத்தப்பட்டது. இரண்டாவதாகக் கூடிய மன்றமும் கலைந்தது. அதில் இருந்தவர்களுள் ஒருவர் முன்னர் அரசாங்கத் தரப்பில் இவ்விசாரணையோடு தொடர்புபட்டிருந்தமையே காரணம். மூன்றாவது மன்றம் 324 நாட்கள் விசாரித்து, 1965ஆம் ஆண்டு 11 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டது.

அந்நாளில் எமது இறுதி மேன்முறையீட்டு மன்றம் இலண்டனிலுள்ள கோமறைக் கழகமாகும். அதே ஆண்டு டிசம்பரில் அக்கழகம் 11 பேரின் தண்டனையையும் இரத்துச் செய்தது. குறித்த சில மனிதரைக் குறிவைத்துச் சட்டஞ் செய்து, அவர்களுக்குரிய தீர்ப்பையும் முன்கூட்டியே வகுப்பது சட்டமியற்றுவோரின் தொழிலன்று. அது நீதிபதிகளின் அதிகாரத்துட் புகுவதாகும் என்பதே தீர்ப்பின் சாரம். மற்றுமோர் எச்சரிக்கையும் அதில் இருந்தது. நெருக்கடியின் பேரால் ஒருமுறை செய்ய விட்டது, பின்னர் அதனிலும் சிறிய காரணத்துக்காகவும் செய்யப்படலாம் என்பதே அது.

அவ்வெச்சரிக்கை செவியிற் கொள்ளப்படவில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிறைவேறிவிட்ட சட்டமொன்று செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றங்கள் ஆராய்வதைத் தடுத்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்வழியே சென்றது. மறு ஆண்டே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மந்திரியின் கட்டளைமீது ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்கவும், உயர் பொலிஸ் அதிகாரி பெற்ற குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்கவும் அது இடமளித்தது. மூன்றாண்டுக்கெனத் தற்காலிகமாக வந்த சட்டம் 1982இல் காலவரையற்றதாயிற்று. அதன் விளைவாகச் சிறை வாயில்களிற் காத்துநின்ற தமிழ்த் தாய்மாரைப் பற்றி எமது வாசகர்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 1962இல் படை அதிகாரிகளுக்கெதிராக வேலியைப் பிரித்தபோது, "அவர்களுக்குத் தானே" என்று வாளாவிருந்தோர் பலர். பிரித்த வேலி பிறகு யாரையும் காக்கவில்லை.

எனினும் எல்லாக் கதவும் மூடப்பட்டுவிடவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி, அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். அங்கத்தவரில் மூன்றிலிரண்டு பங்கினர் தீர்மானித்துக் கேட்டாலன்றி, நாலரை ஆண்டு நிறையுமுன் கலைத்தலாகாது என்பது அன்றைய விதி. இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் அடிப்படை உரிமை மனுக்களுடன் உயர் நீதிமன்றஞ் சென்றனர். டிசம்பர் 13ஆந் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமுகமாக அக்கலைப்புச் செல்லாதெனத் தீர்த்தனர். நாட்டு மக்கள் நேரே தெரிந்த சனாதிபதியாயினும் எல்லைக்குட்பட்டவரே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

மசோதா ஒன்று பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும், குறித்த சில நாட்களுள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் அதனை எதிர்த்து மனுச் செய்யலாம். சட்டமாகிவிட்டால் அவ்வழி அடைபட்டுவிடும். ஆகவே, வர்த்தமானியில் வெளிவரும் மசோதாக்களைப் பற்றிய செய்தியை வீட்டிலே வாசித்துப் பேசுவது வீண் பொழுதுபோக்கன்று. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், "வீதி போட்டுத் தருவீரா?" என்று மாத்திரம் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "உமது கட்சி கொண்டுவரும் சட்டம் அரசியலமைப்பை மீறினால், அதற்கெதிராகக் கை உயர்த்துவீரா?" என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை மறவாது, அடுத்த தேர்தலில் அவருக்கு நினைவூட்டுங்கள். சாவி கொடுத்தவர்கள் நாம். கணக்குக் கேட்பதும் நமது கடமையே.