நமக்காக மாறும் விமானச் சேவை: ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

ஓசூரிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவரும், கிருஷ்ணகிரியிலிருந்து உம்ராவுக்குப் புறப்படும் குடும்பமும் பெரும்பாலும் சென்னைக்குப் போவதில்லை. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி, பெங்களூரு நகரத்தின் நெரிசலையும் கடந்து, தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்துக்குத்தான் போகிறார்கள். ஓசூரிலிருந்து அது ஏறத்தாழ 75 முதல் 80 கி.மீ. தூரம். சென்னையோ 300 கி.மீ.க்கு மேல். நாம் தமிழ்நாட்டில் வாழ்ந்தாலும், விமான நிறுவனங்களின் கணக்கில் நாம் பெங்களூருவின் பயணிகள்.

அந்தக் கணக்கை நாமும் புரிந்துகொள்வது நல்லது. ஒரு குடும்பம் பல வருடங்கள் சேமித்த பணம் உம்ரா டிக்கெட்டில் போகிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் பெருநாளுக்கு ஊர் வருவதா, வேண்டாமா என்பதை டிக்கெட் விலை முடிவு செய்கிறது. விமானத்தில் ஹலால் உணவும், தமிழ்ப் படமும், நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் கிடைக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் இவை ஏன் கிடைக்கின்றன? டிக்கெட் விலை ஏன் அதே போல நமக்குச் சாதகமாக மாறுவதில்லை?

துபாயிலிருந்து வந்த நிறுவனம்

எமிரேட்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1985 அக்டோபர் 25 அன்று அதன் முதல் விமானம் துபாயிலிருந்து கராச்சிக்குப் பறந்தது. தொடங்கும்போது அதனிடம் பெரிய விமானப்படை எதுவும் இல்லை. பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த விமானங்களோடுதான் ஆரம்பித்தது. அதே ஆண்டில் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பறக்கத் தொடங்கியது. அதாவது, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகும் முன்பே அந்த நிறுவனம் நம் பக்கம்தான் வந்தது. பிழைப்புக்காக வளைகுடா சென்ற தெற்காசிய மக்களே அதன் முதல் வாடிக்கையாளர்கள்.

பின்னர் அது வளர்ந்த விதத்துக்கு ஒரு காரணம் துபாயின் இருப்பிடம். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே ஒரு சந்திப்பு போல அந்த ஊர் இருக்கிறது. பெங்களூருவில் ஏறுகிற எல்லோரும் துபாயில் தங்குவதில்லை. ஒருவர் லண்டனுக்கும், இன்னொருவர் அமெரிக்காவுக்கும், மற்றொருவர் ஜித்தாவுக்கும் அங்கே விமானம் மாறுகிறார்கள். ஒரே விமானத்தில் பல ஊர்ப் பயணிகளை நிரப்ப முடிவதால், பெரிய விமானத்தை இயக்குவது கட்டுப்படியாகிறது. 2022 அக்டோபரில் எமிரேட்ஸ் உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380-ஐப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் மும்பைக்கு அடுத்து அந்த விமானத்தை எமிரேட்ஸ் பெங்களூருவுக்குத்தான் கொண்டுவந்தது.

இதில் ஓசூரின் பங்கும் உண்டு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இங்கே இயங்குகின்றன. அண்மை ஆண்டுகளில் டாடா எலக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளி அருகே ஓலா எலக்ட்ரிக்கும் வந்திருக்கின்றன. பொறியாளர்களும் வணிகர்களும் அடிக்கடி வெளிநாடு போகிறார்கள். அதோடு, ஓசூர் விவசாயிகள் பசுமைக் குடில்களில் வளர்க்கும் ரோஜாக்கள் பெங்களூரு வழியாகப் பல நாடுகளுக்கு விமானத்தில் போகின்றன. பயணிகள் அமரும் தளத்துக்குக் கீழே சரக்கு அறை இருக்கிறது. மேலே மனிதர்கள், கீழே மலர்கள். இரண்டிலிருந்தும் நிறுவனத்துக்கு வருமானம்.

சேவை எப்படி நமக்காக மாறுகிறது?

வளரும் நாட்டுச் சந்தைக்குள் வரும் விமான நிறுவனம், தன் நாட்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் நிலைக்க முடியாது. வாடிக்கையாளரின் மொழி, உணவு, வணக்கம், பை எடை எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

உணவு: வளைகுடா நிறுவனங்களில் ஹலால் உணவு இயல்பாகவே கிடைக்கிறது. அதே விமானத்தில் சைவ உணவும், மற்ற சமயத்தவர் கேட்கும் உணவும் முன்கூட்டியே சொன்னால் தரப்படுகின்றன. மற்ற நாட்டு நிறுவனங்களில் பயணம் செய்கிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே முஸ்லிம் உணவு வேண்டும் என்று பதிவு செய்துவிட வேண்டும். விமானத்தில் ஏறியபின் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

நோன்பு: விமானம் உயரத்தில் பறப்பதால், கீழே தரையில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகும் நமக்கு அது தெரிந்துகொண்டிருக்கும். மேற்கு நோக்கிப் பறந்தால் பகல் இன்னும் நீளும். பயணத்தில் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை உண்டு என்பதை நாம் அறிவோம். அப்படியும் நோன்பு வைத்திருப்பவர், தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகே திறக்க வேண்டும். புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது. எமிரேட்ஸ் ரமலானில் விமானம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு நோன்பு திறக்கும் நேரத்தைப் பயணிகளுக்கு அறிவிக்கிறது. இஃப்தார் பெட்டியும் தருகிறது.

இஹ்ராம்: இந்தியாவிலிருந்தும் வளைகுடா ஊர்களிலிருந்தும் ஜித்தாவுக்குச் செல்லும் விமானங்கள், தரையிறங்கும் முன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடுகின்றன. சவூதியா நிறுவனம் மீகாத் நெருங்கும்போது அறிவிப்புச் செய்கிறது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இடையில் விமானம் மாறுகிறவர்கள் அந்த விமான நிலையத்திலேயே இஹ்ராம் உடையை அணிந்துகொள்வதும், ஏறியவுடன் பணியாளரிடம் மீகாத் நேரத்தைக் கேட்டு வைப்பதும் பாதுகாப்பானது.

மொழியும் பையும்: பெரிய நிறுவனங்களின் திரைகளில் தமிழ்ப் படங்கள் இருக்கின்றன. வளைகுடா வழித்தடங்களில் பை எடை அனுமதி முக்கியமான போட்டிக் கருவியாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் தொழிலாளி, குடும்பத்துக்காக வாங்கிய பொருட்களோடு வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான வழியில் போட்டியிடுகிறவர்களும் உண்டு. 2003-ல் ஷார்ஜாவிலிருந்து தொடங்கிய ஏர் அரேபியா, குறைந்த கட்டண முறையை வளைகுடாவுக்குக் கொண்டுவந்தது. உணவு, கூடுதல் பை, விரும்பிய இருக்கை எல்லாம் தனித்தனி விலை. அடிப்படை டிக்கெட் மட்டும் மலிவு. அது கோயம்புத்தூருக்கும் பறக்கிறது. அதற்கு ஈடாக இந்தியா 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைத் தொடங்கியது. வளைகுடாவுக்குப் போகும் சாதாரண மக்களை நோக்கியே அதன் முதல் விமானங்கள் கேரளத்திலிருந்து புறப்பட்டன.

ஆக, ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொல்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் பிரித்து விலை சொல்கிறது. இரண்டும் வியாபாரம்தான், இரண்டும் தர்மம் அல்ல. நம்மைப் போன்றோர் எண்ணிக்கையில் அதிகம் என்பதால்தான் இந்த வசதிகள் வந்தன.

போட்டிக்குப் போடப்பட்ட வேலிகள்

இவ்வளவு போட்டி இருந்தும் பெருநாள் நேரத்திலும் பள்ளி விடுமுறையிலும் டிக்கெட் விலை ஏன் எகிறுகிறது? விமானத்தின் இருக்கைகள் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. குறைந்த விலையில் சில இருக்கைகளை மட்டும் ஒதுக்கி, அவை தீர்ந்ததும் அடுத்த விலைக்கு ஏறுவார்கள். எல்லோரும் ஒரே நாட்களில் பயணம் செய்ய விரும்பினால், மலிவான இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இருக்கைகளைக் கூட்டினால் விலை இறங்குமே என்று தோன்றும். அது நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை. இரு நாடுகளுக்கு இடையே எத்தனை இருக்கைகளை இயக்கலாம் என்பதை அரசுகள் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. இந்தியா - துபாய் ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கைகள். துபாய் தரப்பு அதைக் கூட்டித் தரும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. இந்தியப் பயணிகள் துபாயில் விமானம் மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போவதால், நம் நாட்டு நிறுவனங்கள் வளர முடியவில்லை என்பது இந்தியத் தரப்பின் கவலை. 2022-ல் டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்கிப் புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. இண்டிகோவும் நீண்ட தூர விமானங்களை வாங்குகிறது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நடுவில் விலை கொடுப்பவர் பயணிதான்.

போட்டி குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் கோழிக்கோடு விமான நிலையத்தில் நடந்த விபத்துக்குப் பின் அங்கே பெரிய விமானங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. 2024 ஹஜ்ஜுக்காகக் கோழிக்கோட்டிலிருந்து கேட்கப்பட்ட விமானக் கட்டணம் முதலில் ஏறத்தாழ 1.65 லட்சம் ரூபாய். பெரிய விமானங்கள் இறங்கக்கூடிய கொச்சியிலும் கண்ணூரிலும் அது 90,000 ரூபாய்க்குள். ஒரே மாநிலம், ஒரே கடமை, ஒரே ஜித்தா. கட்டணத்தில் மட்டும் இவ்வளவு வித்தியாசம். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் கோழிக்கோட்டுக் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது.

ஓசூருக்கும் இப்படி ஒரு வேலி இருக்கிறது. 2008 மே மாதம் திறக்கப்பட்ட பெங்களூரு விமான நிலையத்துக்காக மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கி.மீ. சுற்றளவுக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு விமான நிலையம் வரக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. அது 2033 வரை நீடிக்கிறது. 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது எழுந்தால் நம் வாசலுக்கே போட்டி வரும். அதே சமயம் விமான நிலையம் மட்டும் வந்தால் போதாது. வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே இறங்க அரசுகளின் ஒப்பந்தத்திலும் இடம் வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன்

எனவே இன்றைக்கு நம் கையில் இருப்பது விழிப்பு ஒன்றுதான்.

முதலாவது, டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். உணவு, பை, இருக்கை, வீட்டிலிருந்து தேவனஹள்ளி போய்வரும் வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில நேரம் அதிகமாகிவிடும்.

இரண்டாவது, பை அனுமதி கிலோவிலா, பைகளின் எண்ணிக்கையிலா என்று கேளுங்கள். உம்ரா முடித்து ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவர அந்த நிறுவனத்தின் விதி என்ன என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, இடையில் விமானம் மாறும் பயணத்தில் இரண்டு கட்டங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நான்காவது, ஏஜென்ட் மூலம் எடுத்தால் பி.என்.ஆர். எண்ணை வாங்கி, நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் பாருங்கள்.

ஐந்தாவது, குறை இருந்தால் எழுத்தில் புகார் செய்யுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிவு செய்யலாம். கோழிக்கோட்டு அனுபவம் சொல்வதும் இதுதான்: கேட்டால்தான் குறைகிறது.

அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. விற்பவர் நேர்மையாக அளக்க வேண்டும். வாங்குகிறவர் தராசைக் கவனிக்க வேண்டும். பேரீச்சம்பழம் தந்து உபசரிக்கும் நிறுவனத்துக்கு நன்றி சொல்வோம். அதன் விலை டிக்கெட்டில் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருப்போம்.