உப்புக் கணக்கும் ஒரு டி.சி.யும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு போன் அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே அர்த்தம். யாரோ உறவுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அல்லது யாரோ உறவுக்காரர் கும்பகோணத்திலிருந்து கிளம்பி தாம்பரம் வந்து சேர்ந்துவிட்டார். அன்றைக்கு இரண்டும் இல்லை. ஹாங்காங்கிலிருந்து என் காலேஜ் நண்பன்! பி.காம். படித்த மூன்று வருஷமும் எங்களுக்கு ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே சோப்பு. அங்கே மணி எட்டரை ஆகிவிட்டதாம், அதனால் நானும் எழுந்திருக்க வேண்டுமாம்.

"டேய், நீ பத்திரிகையில எல்லாம் எழுதறியே, அவசரமா ஒரு கதை வேணும்டா!"

எனக்கு ஜிவ்வென்று இருந்தது. பத்து வருஷமாக எழுதுகிறேன். கதை வேண்டும் என்று யாரும் போன் போட்டுக் கேட்டதில்லை. (வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் உண்டு.)

"லவ் ஸ்டோரியா, க்ரைமா?"

"ஸ்டாடிஸ்டிக்ஸ்!"

'ஙே' என்று விழித்தேன்.

விஷயம் இதுதான். ஹாங்காங்கில் அரசாங்கக் கல்வித் துறையின் கணிதப் பிரிவும், ஹாங்காங் புள்ளியியல் சங்கமும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு போட்டி நடத்தி வருகின்றன. கணக்குப் போட்டி இல்லை. எழுத்துப் போட்டி! அன்றாட வாழ்க்கையில் வருகிற ஏதாவது ஒரு புள்ளியியல் கருத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கட்டுரையாகவோ கதையாகவோ சொந்தக் கற்பனையில் எழுத வேண்டும். நண்பனின் பெண் அங்கே செகண்டரி மூன்று படிக்கிறாள். நம்மூர் ஒன்பதாம் வகுப்பு. (எங்கள் செட்டில் முதலில் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் அவன்தான். அவசரக்காரன்.) டீச்சர் அவளையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

சிரித்துவிட்டு போனை வைத்திருப்பேன். ஆனால் யோசித்தபோது உறைத்தது.

நானும் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவன்தான். பி.காமில் அதற்கென்றே ஒரு பேப்பர். மீன், மீடியன், மோடு. (மீன் என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மெஸ்தான் ஞாபகம் வரும்.) 'ஒரு தொழிற்சாலையில் நூறு தொழிலாளர்களின் தினக்கூலி கீழே தரப்பட்டுள்ளது. திட்ட விலக்கம் காண்க' என்பார்கள். அட்டவணை போட்டு, வர்க்கமூலம் எடுத்து, நாலு தசம ஸ்தானம் வரை சுத்தமாகக் கண்டுபிடிப்போம். எனக்கு அதில் 84 மார்க். அந்த நூறு பேர் யார், ஒருத்தனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு குறைச்சலான கூலி, அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா... பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் என்னைக் கிளாஸுக்கு வெளியே விலக்கி வைத்திருப்பார்.

ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிடலாம். 'அதையே ஒரு கதையாகச் சொல்' என்றால் மாட்டிக்கொள்வோம். கதை என்றால் ஆள் வேண்டுமே! அட்டவணைக்குள் இருக்கிற ஆளை இழுத்து வெளியே நிறுத்த வேண்டும். 84 மார்க்கோடு என்னால் அது முடிந்திருக்குமா? சத்தியமாக முடிந்திருக்காது.

ஸ்பீக்கரில் பெண் வந்தாள். "ஹலோ அங்கிள்!"

என் கைவசம் இருந்ததை எடுத்துவிட்டேன். கணக்குப்பிள்ளை ஒருவர் குடும்பத்தோடு ஆற்றைக் கடக்கப் போனார். சராசரி ஆழம் மூன்றடி, சராசரி உயரம் நாலடி, தாராளமாக இறங்கலாம் என்று கணக்குப் போட்டு இறங்கினார், பிள்ளைகள் முழுகிப் போயின...

"அங்கிள், அது ஜோக். எங்க டீச்சருக்கே தெரியும்" என்றாள்.

அசடு வழிந்தேன். இந்தப் பத்திரிகையிலேயே அந்த ஜோக் எத்தனை தடவை வந்திருக்கிறதோ, அதற்கொரு சராசரி எடுக்கலாம்!

சரி என்று உப்புக் கதைக்குப் போனேன். இது நிஜமாக நடந்தது.

1947. பிரிவினைக் கலவரம். டெல்லியில் சிறுபான்மைச் சமூகத்து ஜனங்கள் உயிர் பிழைக்கச் செங்கோட்டைக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் ஹுமாயூன் சமாதியில். அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியது சர்க்காரின் பொறுப்பு. சர்க்கார் அதைக் காண்ட்ராக்டர்களிடம் விட்டது. உள்ளே எத்தனை பேர்? காண்ட்ராக்டர் சொல்வதுதான் கணக்கு. பில் எகிறிக்கொண்டே போனது. சந்தேகம் வந்தது. ஆனால் அந்தப் பதற்றத்தில் உள்ளே போய்த் தலையை எண்ண முடியாது. கடைசியில் புள்ளியியல் நிபுணர்களைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காண்ட்ராக்டர் கொடுத்த பில்கள்!

அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அதில் இருந்தது. ஒரு ஆள் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுவான் என்பது முன்பே எடுத்த சர்வேக்களில் இருந்தது. வகுத்துப் பார்த்தார்கள். அரிசிக் கணக்குப்படி ஆள் தொகை மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு. ஒரே கோட்டைக்குள் அரிசி தின்ன ஒரு கூட்டம், உப்பு தின்ன வேறு கூட்டமா இருக்கும்?

எது நிஜம்? உப்புதான் என்று முடிவு கட்டினார்கள். காரணம், விலை. அரிசி பில்லில் நாலு மூட்டை ஏற்றி எழுதினால் லாபம். உப்பில் நாலு மூட்டை ஏற்றி எழுதி என்ன ஆகப்போகிறது? உப்புப் பெறாத விஷயம் என்று நாம் சொல்கிறோமே, அதனாலேயே அங்கே பொய் நுழையவில்லை! ஹுமாயூன் சமாதியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு வழியில் ஓரளவு தெரிந்திருந்தது. அங்கேயும் இதே உப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒத்துப் போயிற்று.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஜே.எம். சென்குப்தா. 1931-ல் மஹலனோபிஸ் கல்கத்தாவில் ஆரம்பித்தாரே இந்தியப் புள்ளியியல் கழகம், அங்கே இருந்தவர். இதை எழுதி வைத்தவர் சி.ஆர். ராவ். 'ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் ட்ரூத்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. 2023-ல் தமது 102-வது வயதில் காலமான மேதை. பி.காமில் எங்களுக்கு அவர் பெயரைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், இதை உப்பு சொல்ற மாதிரி எழுதினா எப்படி இருக்கும்? 'என்னை யாரும் மதிக்கல, அதனாலதான் என்னை வெச்சு யாரும் பொய் சொல்லல'ன்னு?"

என்னை யாராவது கிள்ளிவிட்டிருக்கலாம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

ஆனால் அப்பன்காரன் குறுக்கே புகுந்தான். "ஐடியா நல்லா இருக்கு. ஆனா கதை புக்ல வந்ததாச்சே. சொந்தமா ஏதாவது வேணும்டா."

"அப்படின்னா வால்ட் கதை..." என்று ஆரம்பித்தேன்.

"பிளேன் கதைதானே? ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்று அவளே ஒப்பித்தாள். இரண்டாவது உலகப் போர். குண்டு பட்டுத் திரும்பி வருகிற அமெரிக்க விமானங்களைப் பார்க்கிறார்கள். எங்கே ஓட்டை அதிகமோ அங்கே தகடு போட்டுப் பலப்படுத்தலாம் என்று நினைப்பார்கள் இல்லையா? ஆபிரகாம் வால்ட் வேறு மாதிரி யோசித்தார். ஓட்டையோடு திரும்பி வந்திருக்கிறது என்றால் அங்கே அடிபட்டாலும் விமானம் தாங்கும். இன்ஜினில் ஓட்டையோடு வந்த விமானம் ஏன் குறைவு? அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை!

இந்தக் கதையை ஆளாளுக்குக் கொஞ்சம் மசாலா தூவித்தான் சொல்கிறார்கள். ஆனால் 1943-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவில் இருந்துகொண்டு வால்ட் எழுதிய குறிப்புகள் நிஜம். அவர் யூதர். 1938-ல் வியன்னாவிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகள் கையில் மாண்டார்கள்.

"மீதிக் கதை தெரியுமா உனக்கு?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அவள் டீச்சருக்கும் தெரிந்திருக்காது என்று ஒரு அல்ப சந்தோஷம் எனக்கு.

1950-ல் இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் வால்ட் சொற்பொழிவாற்ற இங்கே வந்தார், மனைவியோடு. டிசம்பர் 13-ம் தேதி அவர்கள் போன ஏர் இந்தியா விமானம் மலையில் மோதி நொறுங்கியது. எந்த மலை? நம் நீலகிரி! கோத்தகிரிப் பக்கம், ரங்கசாமி தூண் இருக்கிறதே, அந்தப் பகுதி. இருவருமே பிழைக்கவில்லை. திரும்பி வராத விமானங்களைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர், திரும்பி வராத ஒரு விமானத்தில் போனார். நான் மூன்று தடவை கோத்தகிரி போயிருக்கிறேன். வர்க்கி வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்சு அந்த மாதிரி யாராவது இருக்காங்களா? திரும்பி வராதவங்க... கணக்குல வராதவங்க?"

இருக்கிறான்.

நான் படித்தது ஒரு சின்ன ஊரில், தனியார் பள்ளி. வாசலில் ஆளுயர போர்டு. 'பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி.' அந்த போர்டைப் பார்த்துத்தான் அப்பா கடன் வாங்கி என்னைச் சேர்த்தார். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் 48 பேர். முழுப் பரீட்சை முடிந்து ஜூனில் ஸ்கூல் திறந்தபோது 41 பேர்.

ஏழு பேருக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவன் என் பக்கத்து ஸீட்டுக்காரன். கணக்கில் 29 மார்க். ஆனால் டெண்டுல்கர், லாரா, ஸ்டீவ் வா என்று யார் பேரைச் சொன்னாலும் பேட்டிங் ஆவரேஜை இரண்டு தசமத்தோடு சொல்வான். இன்றைக்கு அடித்த ரன்னைச் சேர்த்தால் ஆவரேஜ் எவ்வளவு ஆகும் என்று பேப்பர் இல்லாமல் போடுவான். கணக்கு வராத பையன்!

அவன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நின்றார். "பையன் நல்லதுக்குத்தான் சொல்றோம், வேற ஸ்கூல்ல சேத்துடுங்க" என்றார்களாம். அவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அவன் போனதில் எனக்கு ஜன்னலோர ஸீட் கிடைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் 41 பேர் எழுதி 41 பேரும் பாஸ். போர்டுக்குப் புது பெயின்ட். குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நான் இருக்கிறேன்.

இது எங்கள் பள்ளியின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் 'வடிகட்டுவது' ஊருக்கே தெரிந்த ரகசியம். மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. வாசல் போர்டுகள் நிற்கவில்லை.

போனில் அந்தப் பெண் கணக்குப் போட்டாள். "ஏழு பேரும் எழுதி, ஏழு பேரும் ஃபெயில் ஆயிருந்தாக்கூட 41 பை 48... 85.4 பர்சென்ட் அங்கிள். அதுவே நல்ல ரிசல்ட்தானே? சரி, அந்த ஏழு பேரும் அப்புறம் என்ன ஆனாங்க? பாஸா, ஃபெயிலா?"

தெரியாது என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் விசாரித்ததே இல்லை. 84 மார்க் வாங்கியவன்!

அன்று பூராவும் பழைய சிநேகிதர்களுக்கு போன் போட்டேன். நாலாவது ஆளிடம் நம்பர் கிடைத்தது. அவன் இப்போது மாவு மில் வைத்திருக்கிறான். பெயரைச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டான். நான் கேட்டதற்கு, வெட்கத்தோடு சொன்னான்: அவனை கவர்ன்மென்ட் ஹைஸ்கூலில் சேர்த்தார்களாம். அதே வருஷம், அதே பரீட்சை. 500-க்கு 317. முதல் தடவையிலேயே பாஸ்.

"மத்தவங்க?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு பேரு பாஸுடா, என்னையும் சேத்து. ஒருத்தன் பரீட்சையே எழுதல, திருப்பூர் போயிட்டான். ரெண்டு பேரு பத்தி தகவல் இல்ல."

எல்லாவற்றையும் ஹாங்காங்குக்குச் சொன்னேன். ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாரா எழுதப் போகிறாளாம். தகவல் இல்லாத இரண்டு பேருக்குப் பாராவை வெறுமனே விடப் போகிறாளாம். பரிசு கிடைக்குமோ கிடைக்காதோ, நடுவர்கள் பாடு.

மில்காரனிடமும் விஷயத்தைச் சொன்னேன். உன்னை வைத்து ஹாங்காங்கில் ஒரு பெண் கதை எழுதுகிறாள் என்று. விழுந்து விழுந்து சிரித்தான். பின்னால் மில் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே கத்திக் கேட்டான்:

"அது இருக்கட்டும். அந்த ஜன்னலோர ஸீட்டு யாருக்குடா போச்சு?"

"எனக்குத்தான்" என்றேன்.

"அதான பாத்தேன்! ஃபேன் காத்து வராது. ஆனா பஸ் ஸ்டாண்டு நல்லாத் தெரியும், இல்ல?"